படம் சரி, வடிவம் சரியா? மெய்நிகர்ப் பொருளுக்கு நெர்ஃப், எஸ்டிஎஃப், காஸியன் ஸ்பிளாட்டிங்: எது எதற்கு?

ஒரு பொருளைச் சுற்றி நூறு படம் எடுத்து, அவற்றிலிருந்து அதன் மெய்நிகர் உருவத்தை உண்டாக்குவது இன்று அரை நாள் வேலைதான். திரையில் சுழற்றிப் பார்த்தால் அசலைப் போலவே இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. அதே உருவத்தை மெஷ்ஷாக (சிறு முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு வலையாக) மாற்றி, கேமராக் காட்சியில் மெய்நிகர்ப் பொருளைச் சேர்த்துக் காட்டும் ஏஆர் செயலியில் மேசைமேல் வைத்தால் அடிப்பாகம் மேசைக்குள் புதைந்து நிற்கிறது. தட்டையாக இருக்கவேண்டிய பக்கம் குழிந்திருக்கிறது. வேறொரு விளக்கொளியைக் காட்டினால் மேற்பரப்பெங்கும் அலையலையாக நிழல் விழுகிறது. 3டி அச்சுக்கு அனுப்பினால் உள்ளே துணுக்குகள் மிதக்கின்றன. படம் நன்றாக வந்திருக்கிறது, ஆகவே வடிவமும் நன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது.

வடிவத்தைச் சரியாக்க இப்போது வழிகளுக்குக் குறைவில்லை. எதைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொருளைக் கண் மட்டும் பார்க்கப்போகிறதா, அளவுகோலும் தொடப்போகிறதா என்று முதலில் தீர்மானியுங்கள். கண் மட்டும் என்றால், பொருளைச் சிறு வண்ணத் திட்டுகளால் காட்டும் காஸியன் ஸ்பிளாட்டிங் போதும். அளவுகோல், அச்சு இயந்திரம், விளையாட்டில் வரும் மோதல் கணக்கு, புதிய வெளிச்சம் இவற்றில் ஏதாவது ஒன்று தொடப்போகிறது என்றால் எஸ்டிஎஃப் போல மேற்பரப்பைத் தெளிவாக வரையறுக்கும் முறைக்குப் போகவேண்டும். இரண்டில் எதுவானாலும், முறையை மாற்றுவதற்கு முன் கேமராவின் இடக்கணக்கை, அதாவது ஒவ்வொரு படத்தின்போதும் அது எங்கே நின்று எத்திசையில் பார்த்தது என்ற கணிப்பை, சரிபாருங்கள். பிழையில் பெரும்பங்கு அங்கேதான் நுழைகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க இரண்டு பொருள்களை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று சுடுமண் குதிரை: பளபளப்பில்லை, சொரசொரப்பு உண்டு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தனித்த அடையாளம் உண்டு. மற்றது துலக்கி வைத்த பித்தளைக் குத்துவிளக்கு: பளபளக்கும், தண்டு மெல்லியது, அகலின் விளிம்பு அதைவிட மெல்லியது, எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே தோற்றம். முதலாவது எல்லா முறைக்கும் எளிது. இரண்டாவது எல்லா முறைகளின் பலவீனத்தையும் ஒன்றாக வெளியே இழுத்துவிடும்.

பிழை எங்கே பிறக்கிறது

பென் மில்டன்ஹாலும் அவரது குழுவினரும் 2020இல் வெளியிட்ட, படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியைக் கற்கும் நெர்ஃப் என்ற முறைதான் இந்த அலையைத் தொடங்கியது. அதில் வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தியும் ஒரு நிறமும் உண்டு. இரண்டையும் எட்டு அடுக்கும் அடுக்குக்கு 256 அலகுகளும் கொண்ட சிறிய நியூரல் வலையமைப்பு சொல்லும். பிக்சலிலிருந்து ஒரு கதிரை அனுப்பி, வழியெங்கும் உள்ள நிறங்களை அடர்த்திக்கேற்பக் கூட்டினால் அந்தப் பிக்சலின் நிறம் கிடைக்கும். பயிற்சியின்போது வலையமைப்பிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கூட்டுத்தொகை புகைப்படத்தின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா? வடிவம் சரியா என்று அதனிடம் யாரும் கேட்பதேயில்லை.

போதாததற்கு, நிறமானது பார்க்கும் திசையைப் பொறுத்தும் மாறலாம் என்ற சலுகை அதற்கு உண்டு. பளபளப்பைக் காட்ட அது தேவை. ஆனால் அந்தச் சலுகையை வைத்தே, தவறான வடிவத்தின்மேல் திசைக்கொரு நிறம் பூசி, எடுத்த படங்கள் அனைத்தையும் ஒப்பேற்றிவிட முடியும். அதே 2020இல் வந்த நெர்ஃப்++ ஆய்வு இந்தக் குழப்பத்தை வெளிப்படையாகப் பேசியது. நெர்ஃப் ஓரளவு தப்பிப்பதற்குக் காரணம், திசைத் தகவலை வலையமைப்பின் கடைசிக் கட்டத்தில், சிறிய ஓர் அடுக்கு வழியாக மட்டுமே உள்ளே விடுவது. அந்தக் கடிவாளம் தளர்ந்தால் வடிவமும் தளரும்.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. அடர்த்தி என்பது பனிமூட்டம் போன்றது; மேற்பரப்பு இந்த இடத்தில்தான் என்று அது எங்கும் சொல்வதில்லை. மெஷ் வேண்டுமானால் நாமாக ஓர் அடர்த்தி வரம்பை வைத்து, 1987இல் லாரன்சனும் கிளைனும் தந்த மார்ச்சிங் க்யூப்ஸ் முறையால் வெட்டியெடுக்கவேண்டும். வரம்பைக் குறைத்தால் பொருள் பருக்கிறது, கூட்டினால் ஓட்டை விழுகிறது. எந்த வரம்பு சரி என்பதற்கு நெர்ஃபுக்குள் விடை கிடையாது.

மிப்-நெர்ஃப் 360 என்ற 2022ஆம் ஆண்டு ஆய்வு ஒரு நல்ல திருத்தத்தைக் கொண்டுவந்தது. கதிரின் வழியெங்கும் சிதறிக்கிடக்கும் அடர்த்தியைப் பயிற்சியின்போது பிழையாகக் கணக்கிட்டு, ஓரிடத்தில் திரளச்செய்யும் தண்டனைக் கூறு அது. மிதக்கும் துணுக்குகள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனாலும் திரண்ட இடம் சரியான இடம்தானா என்பதற்கு அதுவும் உத்தரவாதம் தராது. வடிவத் துல்லியம்தான் நோக்கமென்றால் நெர்ஃபிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முடி, புகை, வலைத்துணி போன்று மேற்பரப்பே தெளிவில்லாத பொருள்களுக்கு அது இன்னும் பொருத்தமானது.

எஸ்டிஎஃப்: மேற்பரப்பு எங்கே என்று கேட்டால் பதில் சொல்லும் முறை

எஸ்டிஎஃப் (குறியிட்ட தொலைவுச் சார்பு) குடும்பத்தில் வலையமைப்பு அடர்த்தியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு புள்ளியும் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்கிறது. வெளியே இருந்தால் நேர்மதிப்பு, உள்ளே இருந்தால் எதிர்மதிப்பு. பூச்சியமாகும் இடம்தான் மேற்பரப்பு. வரம்பு வைப்பதில் ஊகமே இல்லை. அந்தத் தொலைவின் சரிவை (அது எத்திசையில் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை) கணக்கிட்டால் மேற்பரப்பின் செங்குத்துத் திசையும் கிடைத்துவிடும்; ஒளியமைப்புக்கு அதுதான் உயிர்.

2021இல் நியூஸ், வால்எஸ்டிஎஃப் என்ற இரண்டு ஆய்வுகள் ஒரே மாநாட்டில் வந்தன. இரண்டும் இந்தத் தொலைவை அடர்த்தியாக மாற்றி, நெர்ஃப் போலவே படங்களைக் கொண்டு பயிற்சி தருகின்றன. தொலைவை நேரடியாக அடர்த்தியாக மாற்றினால் கதிர் மேற்பரப்பைத் தொடுவதற்குச் சற்று முன்பே எடையின் (பிக்சலின் நிறத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள பங்கின்) உச்சம் வந்துவிடும், அதனால் முழு வடிவமும் சிறிது இடம்பெயரும் என்பதை நியூஸ் குழு கவனித்தது. உச்சம் சரியாகப் பூச்சியக் கோட்டில் விழுமாறு எடைச் சூத்திரத்தை மாற்றியமைத்ததுதான் அவர்களின் பங்களிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் சிறு திருத்தம். மில்லிமீட்டரில் பேசும்போது இதுதான் வேறுபாடு.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ வரைகலை அட்டை ஒன்றில் ஒரு பொருளுக்கு 14 முதல் 16 மணி நேரம் ஆகும் என்று நியூஸ் ஆய்வே சொல்கிறது. 2023இல் வந்த நியூஸ்2, வெளியைக் கட்டங்களாகப் பிரித்து அவற்றின் தகவலை விரைவாக எடுக்கும் அட்டவணையில் வைக்கும் ஹாஷ் அட்டவணை முறையைப் பயன்படுத்தி அதைச் சில நிமிடங்களுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு என்வீடியா ஆய்வாளர்கள் வெளியிட்ட நியூராலாஞ்சலோ அதே ஹாஷ் அட்டவணையை வேகத்துக்காக அல்லாமல் நுணுக்கத்துக்காகப் பயன்படுத்தியது. அதன் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஹாஷ் கட்டங்களில் சரிவைச் சூத்திரப்படி கணக்கிட்டால் ஒரு புள்ளி தான் இருக்கும் கட்டத்தோடு மட்டுமே பேசும். பக்கத்துக் கட்டம் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் மேற்பரப்பு கரடுமுரடாகும். நியூராலாஞ்சலோவோ சற்றுத் தள்ளியுள்ள இரு புள்ளிகளின் வேறுபாட்டிலிருந்து சரிவைக் கணிக்கிறது. அந்தத் தள்ளலைத் தொடக்கத்தில் பெரிதாக வைத்து, பயிற்சி போகப்போகச் சுருக்குகிறது. முதலில் பெருவடிவம் நிலைபெறுகிறது, பிறகு செதுக்கல்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன.

குறைகளும் உண்டு. எஸ்டிஎஃப்புக்கு உள், வெளி என்ற பிரிவு கட்டாயம். திறந்த துணி, தாள், இலை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றைக் கனமான தகடாக மாற்றிவிடும். வலையமைப்பு கோள வடிவில் தொடங்கிப் படிப்படியாகச் செதுங்குவதால் குறுகிய குழிகளும் துளைகளும் அடைபட்டுப்போவது வழக்கம். குதிரையின் கால்களுக்கு நடுவிலுள்ள வெளி, விளக்கின் அகலுக்கு அடியிலுள்ள குடைவு இரண்டையும் கட்டாயம் தனியே பாருங்கள். சரிவின் அளவு எங்கும் 1 ஆக இருக்கவேண்டும் என்று கட்டளையிடும் ஐகோனல் கூறு ஒன்றும் இதில் இருக்கிறது. அதன் எடையைக் கூட்டினால் மேற்பரப்பு வழவழப்பாகும், கூடவே நுண்ணிய வேலைப்பாடும் தேய்ந்துபோகும். திரையில் வழவழப்பாகத் தெரிவதைத் துல்லியம் என்று நினைத்து ஏமாறுவது இந்த இடத்தில்தான் அதிகம்.

காஸியன் ஸ்பிளாட்டிங்: வேகம் உண்டு, தோல் இல்லை

2023இல் பிரான்சின் இன்ரியா நிறுவனக் குழு வெளியிட்ட 3டி காஸியன் ஸ்பிளாட்டிங் எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது நியாயமே. வலையமைப்பு இல்லை; இலட்சக்கணக்கான நீள்கோளத் திட்டுகள்தான். ஒவ்வொரு திட்டுக்கும் இடம், அளவு, திருப்பம், ஒளிபுகாமை, நிறம் எல்லாம் சேர்த்து 59 எண்கள். அதில் 48 எண்கள் நிறத்துக்கே போகின்றன. திசைக்கேற்ப நிறம் மாறுவதை அவைதான் தாங்குகின்றன. பயிற்சி நிமிடக்கணக்கில் முடியும், காட்சி நொடிக்கு முப்பது சட்டகத்துக்குக் குறையாமல் ஓடும்.

ஆனால் 59இல் 48 எண்கள் நிறத்துக்கு என்பதிலேயே வடிவத்தின் நிலைமை தெரிந்துவிடுகிறது. நெர்ஃபில் இருந்த கடிவாளம் இங்கே இன்னும் தளர்வு. திட்டுகளுக்குக் கனம் இருப்பதால் ஒவ்வொரு திசையிலிருந்து பார்க்கும்போதும் அவற்றின் ஆழம் சற்றே வேறுபடும். மேற்பரப்பை ஒட்டியே இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் அவற்றுக்கு இல்லை. பொருளின் உள்ளேயும் மேலேயும் தாராளமாகச் சிதறிக் கிடக்கும்.

இதற்கு வந்த மருந்துகளில் தெளிவானது 2024இல் வெளியான 2டி காஸியன் ஸ்பிளாட்டிங். நீள்கோளத்தைத் தட்டையான வட்டத் தகடாக்கிவிட்டார்கள். தகட்டுக்கு ஒரே ஒரு முகம், ஒரே ஒரு செங்குத்துத் திசை. கதிர் தகட்டை வெட்டும் புள்ளியைத் துல்லியமாகக் கணக்கிடுவதால் எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஆழம் மாறாது. கதிர்வழியில் தகடுகளைத் திரளச்செய்யும் கூறு ஒன்று, ஆழப்படத்தின் சரிவும் தகட்டின் திசையும் ஒத்துப்போகச்செய்யும் கூறு ஒன்று என இரண்டு கட்டுப்பாடுகளும் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் வந்த சுகார் என்ற முறை, திட்டுகளை மேற்பரப்பின்மேல் தட்டிப் படியவைக்க முயன்றது. பின்னர் வந்த பிஜிஎஸ்ஆர் என்ற முறை, தகடுகளோடு பல படங்களுக்கிடையிலான ஒப்புமையையும் நேரடியாகச் சரிபார்த்தது. பல படங்களை ஒப்பிட்டு அளவெடுக்கும் பழைய போட்டோகிராமெட்ரியின் அறிவு புதிய முறைக்குள் திரும்பி வந்த இடம் அது. இந்தத் திசையில்தான் மேலும் முன்னேற்றம் வரும் என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டுக்கு விலை உண்டு. டிடியு என்ற சோதனைப் படத்தொகுப்பில் 2டி முறையின் படத்தரம் (உருவாக்கிய படம் அசல் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை டெசிபெலில் சொல்லும் அளவு) 3டி முறையைவிட ஒரு டெசிபெலுக்குச் சற்று மேலே குறைகிறது. கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது. கிடைக்கும் வடிவத்தோடு ஒப்பிட்டால் கொடுக்கத்தக்க விலைதான்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இந்தத் துறையில் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் தராசு, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தயாரித்த டிடியு தொகுப்பு. அதில் பரவலாகப் பயன்படும் 15 பொருள்களில், மீட்டெடுத்த மேற்பரப்புக்கும், ஒளிக்கோலங்களைப் பாய்ச்சி அளக்கும் கட்டமைப்பொளி ஸ்கேனர் தந்த மேற்பரப்புக்கும் இடையிலுள்ள சராசரி விலகலை ஆய்வுகள் வெளியிடுகின்றன. நெர்ஃப் 1.49 மி.மீ. மூல 3டி காஸியன் 1.96. சுகார் 1.33. நியூஸ் 0.84. 2டி காஸியன் 0.80. நியூராலாஞ்சலோ 0.61. இவற்றுக்கெல்லாம் மூத்த கோல்மேப் என்ற போட்டோகிராமெட்ரி நிரல், ஓட்டைகளை முழுவதும் நிரப்பிய நிலையில் 1.36.

இதில் என் கண்ணை முதலில் நிறுத்துவது நியூஸும் 2டி காஸியனும் ஏறத்தாழ ஒரே எண்ணில் நிற்பது. ஒன்றுக்கு அரை நாளுக்கு மேல், மற்றதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அப்படியானால் எஸ்டிஎஃப் எதற்கு என்று கேட்கலாம். சராசரி விலகல் மறைக்கும் ஒன்று இருக்கிறது. எஸ்டிஎஃப் தருவது ஓட்டையில்லாமல் மூடிய ஒரே மேற்பரப்பு. 2டி காஸியனில் ஆழப்படங்களை ஒன்றிணைத்து மெஷ் எடுக்கவேண்டும்; எந்தப் படத்திலும் சரியாகத் தெரியாத இடம் காலியாகவே நிற்கும். அச்சுக்கும் மோதல் கணக்குக்கும் மூடிய மேற்பரப்பு தேவை, ஏஆர் காட்சிக்குத் தேவையில்லை. தேர்வு பிரியும் இடம் இதுதான்.

இன்னொன்றும் இந்த எண்களுக்குள் தெரியாது. டிடியு படங்கள் இயந்திரக் கையில் பொருத்திய கேமராவால், 49 அல்லது 64 முன்னளந்த நிலைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கேமரா எங்கே நின்றது என்பது அங்கே முன்பே தெரியும். கைபேசியோடு பொருளைச் சுற்றி நடக்கும் நமக்குத் தெரியாது. 0.61 என்ற எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு அந்த முறையை இறக்கி ஓட்டினால் 0.61 கிடைக்காததற்கு முதல் காரணம் இது.

முறையை மாற்றும் முன் கேமராவைப் பாருங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமராவின் குவியத் தொலைவு 3000 பிக்சல், பொருள் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். பொருளின்மேல் ஒரு பிக்சலின் அகலம் 600 வகுத்தல் 3000, அதாவது 0.2 மி.மீ. கேமரா நிலையில் ஒரு பிக்சல் அளவு பிழை இருந்தால் பக்கவாட்டில் 0.2 மி.மீ. தவறும். ஆழத்தில் தவறு இன்னும் பெரிது. ஒரே புள்ளியைப் பார்க்கும் இரு படங்களுக்கிடையே கோணம் 10 பாகையே என்றால் அது ஏறத்தாழ ஆறு மடங்காகி 1 மி.மீட்டரைத் தாண்டிவிடும். 30 பாகை என்றால் 0.4 மி.மீட்டரில் நிற்கும். நியூஸுக்கும் நியூராலாஞ்சலோவுக்கும் இடையிலுள்ள மொத்த வேறுபாடே 0.23 மி.மீ. முறையை மாற்றிப் பெறப்போகும் முழு இலாபத்தையும் ஒரு பிக்சல் விழுங்கிவிடுகிறது.

படங்கள் நூறு இருந்தால் தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். லென்ஸ் வளைவைத் தவறாகக் கணித்த பிழை அப்படிச் சரிக்கட்டாது. எல்லாப் படங்களிலும் ஒரே பக்கமாக இழுத்து, தட்டையான அடிப்பாகத்தைக் கிண்ணமாக்கிவிடும். தட்டையான ஒன்று குழிந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், ரெண்டரிங் முறையை அல்ல.

ஆகவே செய்யவேண்டியது இவ்வளவு. குவியம், வெளிச்ச அளவு, வெண்சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஜூம் வேண்டாம். கைபேசியில் லென்ஸையே அசைத்து நடுக்கத்தைத் தடுக்கும் வசதியை அணைக்க முடிந்தால் அணையுங்கள். படத்துக்குப் படம் லென்ஸின் மையம் நகர்வதை எந்தக் கணக்கும் விரும்பாது. மூன்று உயரங்களில் மூன்று சுற்று எடுங்கள். அடிப்பாகம் வேண்டுமென்றால் பொருளைச் சாய்த்து வைத்து இன்னொரு தொகுதி தேவை. பொருளுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரியுங்கள். எழுத்தும் படமும் நெருக்கமாக நிறைந்த அந்தத் தாள், கேமரா நிலையைக் கணிக்கக் கோல்மேப் தேடும் அடையாளப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் தரும். குத்துவிளக்குக்கு இது கட்டாயம். விளக்கு எப்பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அதை மட்டும் பார்த்து எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கணினியால் முடிவு செய்ய முடியாது.

பொருளைச் சுழல்மேடையில் வைத்துத் திருப்புவது வசதிதான். ஆனால் பின்னணியும் விளக்கும் நிலையாக நிற்க, பொருள் மட்டும் திரும்பும்போது, ஒவ்வொரு படத்திலும் பொருளின்மேல் வெளிச்சம் வேறு இடத்தில் விழுகிறது. எதுவும் அசையவில்லை என்று நம்பும் முறைகளுக்கு அது பொய்ச்சாட்சி. சுழல்மேடைதான் வழியென்றால் பின்னணியை முழுவதும் மறைத்து, வெளிச்சத்தைச் சீராகப் பரப்பியாகவேண்டும்.

அளவுகோல் ஒன்றையும் படத்துக்குள் வையுங்கள். படங்களிலிருந்து மட்டும் கணிக்கும் எந்த முறைக்கும் பொருளின் உண்மையான அளவு தெரியாது. ஒரு சாண் குதிரையும் ஓர் ஆள் உயரக் குதிரையும் அதற்கு ஒன்றே. தெரிந்த தொலைவிலுள்ள இரண்டு குறிகள் போதும், முழு மாதிரியையும் மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கேமரா நிலையையும் பயிற்சிக்குள்ளேயே திருத்தும் வழி உண்டு. பார்ஃப் என்ற 2021ஆம் ஆண்டு ஆய்வு அதைக் காட்டியது. உதவும். ஆனால் வடிவம், நிறம், கேமரா மூன்றும் ஒரே நேரத்தில் அசையும்போது ஒன்றின் பிழையை இன்னொன்று மறைத்துக்கொள்ள இடமுண்டு. கோல்மேப் தந்த தொடக்கம் ஏற்கெனவே நன்றாக இருந்து, கடைசி அரை பிக்சலைத் திருத்தவேண்டும் என்றால் மட்டுமே அதைப் பயன்படுத்துவேன்.

பளபளப்பு

குத்துவிளக்குக்கு வருவோம். பித்தளையின்மேல் தெரியும் சன்னலின் பிம்பம், நாம் நகரும்போது மேற்பரப்போடு ஒட்டி நகர்வதில்லை. மேற்பரப்புக்கு உள்ளே எங்கோ இருக்கும் பொருளைப் போல நகர்கிறது. காஸியன் முறை அதை அப்படியே நம்பி, தண்டின் உள்ளே அந்தச் சன்னலைத் திட்டுகளால் கட்டிவைக்கிறது. மெஷ் எடுத்தால் தண்டில் குழி. எஸ்டிஎஃப்பும் இதே வலையில் விழும், சற்றுக் குறைவாக.

2022இல் வந்த ரெஃப்-நெர்ஃப், பார்க்கும் திசைக்குப் பதில் ஒளி தெறித்துத் திரும்பும் திசையைக் கொண்டு நிறத்தைக் கணக்கிட்டது. அதன்பின் 2023இல் வந்த நீரோ, எஸ்டிஎஃப்போடு இந்தச் சிந்தனையைச் சேர்த்து, பளபளப்பான பொருள்களின் வடிவத்தையே குறிவைத்தது. உலோகப் பொருளைத் தொடக்கூடாது, பூசக்கூடாது என்ற நிலையில் இந்தக் குடும்பம்தான் ஒரே நம்பிக்கை.

பலரும் முதலில் சொல்லும் யோசனை, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் துருவமுனைப்பு வடிகட்டி: விளக்குக்கு ஒன்று, லென்ஸுக்குக் குறுக்காக ஒன்று. மெருகு பூசிய மரம், பளிங்குப்பூச்சுள்ள மண்பாண்டம் ஆகியவற்றுக்கு இது அருமையாக வேலை செய்யும்; மேல்பூச்சின் மினுமினுப்பு போய் உள்நிறம் மட்டும் நிற்கும். வெற்று உலோகத்துக்குச் சரிவராது. உலோகம் திருப்பியனுப்பும் ஒளியெல்லாம் அந்த மினுமினுப்புதான். அதை வடிகட்டினால் பொருளே இருண்டுவிடும். உங்கள் விளக்கு என்றால், சில மணி நேரத்தில் தானே ஆவியாகிப்போகும் ஸ்கேன் தெளிப்பானைப் பூசி வடிவத்துக்கு ஒரு தொகுதியும், பூச்சில்லாமல் நிறத்துக்கு ஒரு தொகுதியும் எடுப்பதே நேரான வழி. பழமையான செப்புத்திருமேனி போன்றவற்றில் பாதுகாப்பு வல்லுநரின் அனுமதியில்லாமல் எதையும் தெளிக்கக்கூடாது. வடிவத்தைவிடப் பொருள் பெரிது.

வெளியிலிருந்து ஆழம் கொண்டுவரலாமா

ஒரே படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கும் மாதிரிகளின் துணையோடு எஸ்டிஎஃப் பயிற்சி தரலாம். 2022இன் மோனோஎஸ்டிஎஃப் அப்படித்தான் செய்தது. வெள்ளைச் சுவர், தரை, கதவு கொண்ட அறைகளுக்கு இது பெரும் உதவி. கைக்கு அடக்கமான பொருளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த ஊகங்கள் பெருவடிவத்தை அறியும், நகாசு வேலையை அறியா; தேய்த்து மழுக்கிவிடும். ஐபோன் புரோவின் லைடாரும் (லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் உணரியும்) அவ்வாறே. அதன் ஆழப்படம் செயலிகளுக்கு 256க்கு 192 புள்ளிகளாகவே கிடைக்கிறது. அறை அளக்கப் போதும், அகலின் விளிம்புக்குப் போதாது.

என் தேர்வு

சுடுமண் குதிரை என்றால் முதலில் பழைய போட்டோகிராமெட்ரியையே ஓட்டிப்பாருங்கள். சொரசொரப்பும் அடையாளமும் உள்ள மங்கலான மேற்பரப்புக்குக் கோல்மேப்போ மெஷ்ரூம் என்ற இன்னொரு நிரலோ தரும் வடிவம் பல வேளைகளில் போதுமானது. ஓட்டை விழும் இடங்களை வைத்து அடுத்த முறை தேவையா என்று முடிவு செய்யலாம். இணையக் கடையில் சுழற்றிக் காட்ட மட்டும் என்றால் 3டி காஸியன். அதே பொருளை ஏஆரில் மேசைமேல் நிறுத்தவும் வேண்டுமென்றால் 2டி காஸியன். அதிலிருந்து எடுக்கும் மெஷ் நிழலுக்கும் மறைப்புக்கும் தாராளமாகப் போதும். 3டி அச்சு, அளவெடுப்பு, ஆவணப்படுத்தல் என்றால் எஸ்டிஎஃப். நேரமும் நல்ல அட்டையும் இருந்தால் நியூராலாஞ்சலோ, இல்லையென்றால் நியூஸ்2. பளபளக்கும் உலோகம், தெளிக்க முடியாது என்றால் நீரோ. நெர்ஃபை வடிவத்துக்காக இந்தப் பட்டியலில் நான் எங்கும் சேர்க்கமாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் படத்தரத்தின் டெசிபெலை வைத்து வடிவத்தை மதிப்பிடாதீர்கள். மெஷ்ஷிலிருந்து நிறத்தை முழுவதும் உருவிவிட்டு, சாம்பல் நிறத்தில், பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். நிறம் மறைத்துவைத்த அலைகளும் குழிகளும் அப்போதுதான் வெளியே வரும். பிறகு வெர்னியர் காலிப்பரால் உண்மைப் பொருளில் மூன்று நான்கு இடங்களை அளந்து மாதிரியோடு ஒப்பிடுங்கள்: ஒன்று உயரம், ஒன்று அகலம், ஒன்று மெல்லிய பகுதி. எல்லா அளவும் ஒரே விகிதத்தில் தவறினால் அளவுகோல் கணக்கு பிழை. உயரமும் அகலமும் சரியாக இருந்து மெல்லிய பகுதி மட்டும் பருத்திருந்தால் முறையின் நுணுக்கம் போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் கோணியிருந்தால் கேமரா.

வணிகத்துக்குப் பயன்படுத்துபவர்கள் உரிமத்தையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடவேண்டும். துல்லியத்தில் வென்ற முறை இங்கே தோற்றுப்போகலாம். இன்ரியாவின் மூல காஸியன் நிரல் ஆய்வுக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே. அதன்மேல் கட்டப்பட்ட 2டி காஸியன் நிரலும் அதே உரிமத்தைச் சுமக்கிறது. ஜிஸ்பிளாட் என்ற நூலகம் அப்பாச்சி உரிமத்தில் இரண்டு முறைகளையும் தருகிறது. எஸ்டிஎஃப் பக்கம் எஸ்டிஎஃப்ஸ்டுடியோவும் அப்பாச்சி உரிமமே. நியூஸ், வால்எஸ்டிஎஃப், மோனோஎஸ்டிஎஃப் மூன்றும் அதில் உண்டு. கோல்மேப் பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது.